ஆசிரியரிடம் டேப்லெட், மாணவரிடம் அப்பாவின் கைப்பேசி

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், ஆசிரியர்கள் பலர் டேப்லெட்டையே வெண்பலகை ஆக்கிக்கொண்டனர். திரையைப் பகிர்ந்து, மின்பேனாவால் எழுதிக் காட்டினர். நல்ல முறைதான். வகுத்தல் கணக்கின் ஒவ்வொரு படியும், 'ழ' எழுதும்போது கை சுழலும் விதமும் எழுதிக் காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. அதே ஆண்டு கல்வியமைச்சு எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. டேப்லெட் வைத்திருந்தோர் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. 46 விழுக்காட்டினரிடம் இருந்தது கைப்பேசி. டேப்லெட் நிறைய எழுதினால், கைப்பேசியில் அது எறும்பு ஊர்வதுபோல் தெரியும். தோட்டப்புறத்திலோ, அந்த ஒரு கைப்பேசியும் விடியற்காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஆகவே, ஒரு பக்கத்தில் நான்கைந்து வரிகள் மட்டும் பெரிதாக எழுதலாம். கேமராவை அடைத்தால் டேட்டா மிச்சம். வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படமாக்கி, சிறு குரல்பதிவோடு புலனத்தில் அனுப்பினால், மாலையில் அப்பா வந்த பிறகும் பிள்ளை படிக்கலாம்.

புகைமூட்டம், வெள்ளம் என்று பள்ளிகள் மூடப்படும் நாள்கள் இனியும் வரும். எந்த வீட்டில் என்ன கருவி, எந்நேரம் கிடைக்கும் என்ற கணக்கைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இப்போதே எடுக்க வேண்டும். இல்லையேல், இயங்கலை வகுப்பு நடக்கும். தோட்டத்துப் பிள்ளை மட்டும் அதில் இருக்காது.