கணிப்பு பொய்த்தால் நஷ்டம் யாருக்கு?

ஒரு கட்டுரை படித்தேன். கொல்லிமலையின் சாமைக் குழுக்களும் மிளகு வியாபாரிகளும் எதைப் பயிரிடுவது, எப்போது விற்பது, எதில் முதல் போடுவது என்ற முடிவுகளை இனி எந்திரக் கற்றலிடம் விட்டுவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் சந்தை அவர்களை விழுங்கிவிடுமாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் படத்தில் மட்டுமே பார்த்தவரின் எழுத்தாகத்தான் அந்தக் கட்டுரை எனக்குப் படுகிறது.

எந்திரம் கற்கப் பழைய கணக்கு வேண்டும். மலையில் மானாவாரிச் சாமை வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. ஒரு குழு பத்து வருடம் ஒழுங்காக நோட்டு எழுதியிருந்தாலும் தேறுவது பத்து வரி. பத்து வரியை வைத்துச் சொல்லும் ஆரூடத்துக்கு மாதச் சந்தா வேறு!

சரி, தரவு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதிக லாபம் தரும் பயிர் எது என்று கேட்டால் மென்பொருள் என்ன சொல்லும்? மரவள்ளி என்று சொல்லும். அந்த விடையைக் கணிப்பொறி இல்லாமலே இந்த மலை முன்பே கண்டுபிடித்துவிட்டது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன. சாமையும் தினையும் விளைந்த காடுகள் மரவள்ளிக்கு மாறின. வீட்டுச் சோறு கடை அரிசியானது. கிழங்கின் விலையோ மலைக்குக் கீழே முடிவானது. பிறகு 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டு, தமிழகத் தோட்டங்களிலும் பரவியது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்க வேண்டியிருந்தது. 2019 வரையிலான இந்திய விளைச்சல் கணக்கு எதைப் புரட்டினாலும் அந்தப் பூச்சி இல்லை. இல்லாததை எந்திரம் எங்கிருந்து கற்கும்?

சாமை குறைந்ததற்கு விலை மட்டுமே காரணம் என்று கட்டுரையாளர் நம்புகிறார். சாமையின் உமியை நீக்க உரலில் போட்டுக் குத்த வேண்டும், குத்தியவர்கள் பெண்கள். அவர்களுடைய தோள்வலிக்கு எந்தத் தரவுத்தளத்திலும் கட்டம் கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது உமி நீக்கும் எந்திரங்கள் ஊர்க் குழுக்களின் கைக்கு வந்தன. சாமை அரிசியையும் மாவையும் பொட்டலம் போட்டு விற்க முடிந்தது. இந்த மலையின் சிறுதொழிலில் எடுக்கப்பட்ட பெரிய முடிவு அதுதான். குத்துகிறவர்களின் பாட்டைப் பார்த்து எடுத்த முடிவு.

தரவு மலையளவு குவிந்திருந்தால் மட்டும் பிழைத்துவிடுமா? அமெரிக்காவின் சில்லோ நிறுவனம் அல்காரிதம் கணித்த விலையை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்தது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

எத்தனை மூட்டையை எந்த வண்டியில் ஏற்றினால் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடட்டும், யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. அதற்கு எக்செல் போதும். என்ன பயிரிடுவது என்பது வேறு விஷயம். அதில் வீட்டுச் சாப்பாடு இருக்கிறது, விதை இருக்கிறது, கடன் இருக்கிறது.

சில்லோவின் நஷ்டத்தைத் தாங்கப் பங்குதாரர்கள் இருந்தார்கள். கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே குழுக்களுக்கு ஒன்று சொல்வேன்: மென்பொருள் விற்க வருகிறவர், கணிப்பு பொய்த்தால் நஷ்டத்தில் பாதி தன்னுடையது என்று எழுதித் தரட்டும். தரமாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.