தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

அந்தியூரிலிருந்து பர்கூர் மலையேறி, கர்க்கேகண்டி வழியாக ராமாபுரத்தை அடைந்து, அங்கிருந்து ஹனூர், கொள்ளேகால் மார்க்கமாக மைசூர் செல்லும் சாலை ஒன்று உண்டு. ராமாபுரத்தை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் ஜில்லாவோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருந்து வருகிறது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் மலையின் ஏற்றம் மாறவில்லை. சமவெளியின் வெயிலில் முன்பே சூடேறிய வண்டி, தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும்போது, எஞ்சின் தன் முழு வலுவையும் செலவிடுகிறது. வண்டியின் வேகத்தால் ரேடியேட்டருக்குக் கிடைக்கவேண்டிய காற்றோ குறைவாக இருக்கிறது. வண்டி கொதித்து நின்றுவிடுவது இத்தகைய இடங்களில்தான். இந்தத் தொல்லைக்கு ஓட்டுநர்களும் சாலையோர மெக்கானிக்குகளும் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் பரிகாரம் ஒன்றுண்டு. எஞ்சினின் தலைப்பகுதியில், ரேடியேட்டருக்குச் செல்லும் குழாயின் வாயில் இருக்கும் தெர்மாஸ்டாட் என்னும் சிறு வால்வைக் கழற்றி எறிந்துவிடுவதே அது. "இது குளிர்தேசத்துக்காகச் செய்தது, நமது சீமைக்கு வேண்டாம்" என்பது அவர்கள் கூறும் காரணம்.

காரணம் கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அது தவறு. அதனால் நேரும் நஷ்டம் உடனே கண்ணுக்குப் புலப்படாமையால், தவறு என்று உணரப்படாமலே நீடித்து வருகிறது.

தெர்மாஸ்டாட் செய்யும் வேலை எளியது. அதனுள் ஒரு சிறு பித்தளைக் குப்பியில் ஒருவகை மெழுகு அடைபட்டிருக்கும். எஞ்சினைச் சூழ்ந்த நீர் குறிப்பிட்ட உஷ்ணநிலையை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பக்கவழி ஒன்றின் மூலம் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். நீர் குளிர்ந்தால் மெழுகு சுருங்கும். வில் வால்வை மீண்டும் மூடும். மின்சாரமோ மனிதக் கையோ இதற்குத் தேவையில்லை. திண்மம் திரவமாகும்போது கொள்ளளவு கூடுவதைப் பாடமாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, அத்தத்துவம் ஒவ்வொரு மோட்டாரிலும் ஓயாமல் உழைப்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

எஞ்சின் சூடாக இருக்கவேண்டும் என்பது ஏன்? எரிபொருளின் சக்தியில் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும், நீரின் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. சிலிண்டர்ச் சுவர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு மிகுதியான வெப்பத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இது முதல் நஷ்டம். இரண்டாவது நஷ்டம் எண்ணெயில் உள்ளது. சாதாரண மோட்டார் எண்ணெய் ஒன்று 40 டிகிரி சென்டிகிரேடில் கொண்டுள்ள பாகுத்தன்மை, 100 டிகிரியில் உள்ளதைப்போல் ஏறக்குறைய ஏழு எட்டு மடங்கு. குளிர்ந்த, பாகான எண்ணெயைக் கடைந்துகொண்டே ஓடும் எஞ்சின் அதற்கென்று தனியே பெட்ரோலைச் செலவிடுகிறது.

இவை இரண்டும் பணநஷ்டம் மட்டுமே. மூன்றாவது எஞ்சினின் ஆயுளையே தின்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பதைக் கேட்டால் பலர் வியப்பர்; பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு கூடினால் வேறு என்ன ஆகும்? சூடான எஞ்சினில் இந்நீர் ஆவியாகவே புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் அதன் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரிலும் எண்ணெய்த் தொட்டியிலும் பனித்துளிபோல் படியும். எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து உண்டான வாயுக்கள் அந்நீரில் கரைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். போதாததற்கு, ஆவியாகாத பெட்ரோல் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பாலாடை போன்ற வெளிறிய பசை ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதன் அடையாளமே. 1930களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் சிலிண்டர்த் தேய்மானத்தைப் பற்றி நடத்திய ஆராய்ச்சிகள், சுவரின் உஷ்ணநிலை ஓர் அளவுக்குக் கீழே சென்றால் தேய்மானம் மிக விரைவாக ஏறுகிறது என்றும், அதற்கு உராய்வைவிட அமில அரிப்பே பெருங்காரணம் என்றும் எடுத்துக்காட்டின. இப்போது விற்கப்படும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பெரிதும் குறைக்கப்பட்டிருப்பது உண்மை. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படலாகாது. ஆயினும் நீர் படிவதையும், எண்ணெய் கழுவப்படுவதையும் எந்த விதியும் தடுத்துவிட முடியாது.

இந்த விஷயம் வெளிக்களப் பணியாளர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, ஜீப் வண்டி கிராமங்களுக்குப் புதிய காட்சியாயிற்று. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு மூன்று மைல். அங்கே ஒருமணி நேரம் நிறுத்தம். மறுபடியும் இரண்டு மைல். வண்டியின் பெயர் மாறினும் களப்பணியின் போக்கு இன்றும் இதுதான். இவ்வாறு ஓடும் எஞ்சின் தன் உரிய உஷ்ணநிலையை எட்டுமுன்பே நிறுத்தப்படுகிறது. தெர்மாஸ்டாட் இருந்தால் சில நிமிஷங்களில் சூடேறிவிடும். இல்லாவிடில், நாள் முழுவதும் ஓடியும் ஒருமுறைகூடச் சூடேறாமல் போகலாம். பழைய ஜீப்பிலும் அம்பாஸடரிலும் விசிறி எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டு இடைவிடாமல் சுழன்றமையால், எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிராமல் காத்தது தெர்மாஸ்டாட் ஒன்றுதான். அதையே முதலில் கழற்றினார்கள் என்பது வேடிக்கை.

மலைப்பாதையில் இதன் தீங்கு இரட்டிப்பாகும். ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறது என்பதை அனைவரும் காண்கின்றனர்; இறங்கும்போது குளிர்கிறது என்பதை எவரும் காண்பதில்லை. கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் இறங்குகையில் எரிபொருள் மிகச் சிறிதளவே செலவாகிறது; ரேடியேட்டரிலோ காற்று பலமாக வீசுகிறது. தெர்மாஸ்டாட் அப்போது தானே மூடிக்கொண்டு எஞ்சினின் வெப்பத்தைக் காக்கும். மார்கழிக் காலையில் உதகமண்டலத்திலிருந்து கல்ஹட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் வண்டியில் அது இல்லையென்றால், அடிவாரத்தை அடையும்போது எஞ்சின் பாதி குளிர்ந்திருக்கும். அடுத்த ஏற்றத்தில் அந்நிலையிலேயே முழுச்சுமையைத் தாங்க வேண்டியதாகும்.

இனி, தெர்மாஸ்டாட்டைக் கழற்றினால் கொதிப்பாவது நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். தெர்மாஸ்டாட் நிர்ணயிப்பது எஞ்சினின் கீழெல்லையை மட்டுமே. 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் வால்வு, ஏறக்குறைய 95 டிகிரியில் முழுவதும் திறந்துவிடும். அதற்குமேல் வெப்பத்தை வெளியேற்றுவது ரேடியேட்டரும் விசிறியும் நீர் பம்பும்தான். தெர்மாஸ்டாட்டுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே 82 டிகிரி வால்வுக்குப் பதிலாக 71 டிகிரி வால்வைப் பொருத்துவோர், சமவெளியில் எஞ்சினைக் குளிரச் செய்வர். மலையேற்றத்தில் கொதிப்பைச் சில நிமிஷங்கள் தள்ளிப்போடலாமேயன்றித் தடுக்க இயலாது. வீட்டில் சிறிய கதவை எப்போதும் திறந்துவைத்தால் தெருவின் வெயில் குறையுமா?

சில எஞ்சின்களில் நிலைமை இதற்கும் கேடானது. அவற்றில் தெர்மாஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, பின்புறத்தில் உள்ள ஒரு தட்டினால் பக்கவழியை மூடும். வால்வைக் கழற்றிவிட்டால் பக்கவழி என்றென்றைக்கும் திறந்தே இருக்கும். சுடுநீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காகச் செய்த காரியம் கொதிப்பை வரவழைக்கும். இதைக் கண்ட சிலர், "நீர் மிக வேகமாக ஓடுவதால் குளிர அவகாசமில்லை" என்று விளக்கம் கூறுவதுண்டு. அது சரியன்று. வேகமாக ஓடும் நீர் ஒரு சுற்றில் குறைவாகக் குளிரினும், அத்தனை முறை மிகுதியாகச் சுற்றி வருகிறது. மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் குறைவதில்லை. இவ்விளக்கத்தை வகுப்பறையில் ஆராய்வது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

கழற்றி எறிபவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறுவதும் முறையாகாது. பழைய காலத்துத் தெர்மாஸ்டாட்டில் மெழுகுக்குப் பதிலாக, எளிதில் ஆவியாகும் திரவம் அடங்கிய மடிப்புப் பை ஒன்று இருந்தது. அது பழுதடைந்து கசிந்தால் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். எஞ்சின் குளிருமேயன்றிக் கொதிக்காது. மெழுகு வால்வோ, மெழுகு கசிந்துபோனால் வில்லின் அழுத்தத்தால் மூடியே கிடக்கும். அப்போது ரேடியேட்டர் குளிர்ந்திருக்க, எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். காட்டுவழியில் இருட்டும் வேளையில் அவ்வாறு நேர்ந்து, வால்வைக் கழற்றி வீடு சேர்ந்த ஓட்டுநரைக் குறைகூற இடமில்லை. அந்த நேரத்துக்கு அதுவே தக்க உபாயம். மறுநாள் புதிய வால்வைப் பொருத்தாமல் விட்டதே பிழை. பந்தயக் கார் ஓட்டுவோர் சற்றுக் குறைந்த உஷ்ணநிலையை விரும்புவதிலும் நியாயம் உண்டு: உட்புகும் காற்று அடர்த்தியாக இருக்கும், முழு வலுவில் எஞ்சின் தட்டும் ஆபத்தும் குறையும். ஆனால் பந்தய எஞ்சினின் ஆயுளைச் சில மணிநேரங்களில் கணக்கிடுவர். அலுவலக வண்டியின் கணக்கு அவ்வாறன்று.

அப்படியானால் மலையில் கொதிப்பதற்கு உண்மையான காரணம் என்ன? பெரும்பாலும் நீரே. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் சேர்த்துவைக்கும் சுண்ணாம்புப் படிவு, வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதைப் போலவே எஞ்சினுள்ளும் படிகிறது; அது வெப்பத்தைக் கடத்தாது. துருவும் சேறும் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கின்றன. தயாரிப்பாளர் குறித்த கூலண்ட் திரவத்தைக் குளிர்தேசத்துச் சரக்கு என்று ஒதுக்குவதும் தெர்மாஸ்டாட்டை ஒதுக்குவதற்கு இணையான தவறு. உறைவதைத் தடுப்பதைவிட அரிப்பைத் தடுப்பதே இந்நாட்டில் அதன் முதற்பயன். தளர்ந்த ஃபேன் பெல்ட் இன்னொரு காரணம். இவற்றைவிட அதிகமாகக் கவனிக்கப்படாதது ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், மைசூரின் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 92, 93 டிகிரியிலும் கொதிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி, கடல் மட்டத்தில் இக்கொதிநிலையைச் சுமார் 118 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் நைந்துபோனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். மலை ஏற ஏற நீர் விரைவில் கொதிக்கும். பழி தெர்மாஸ்டாட்டின் மீது விழும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர்மீது கொதிநீர் பீறிட்டடிப்பதும் இதே தத்துவத்தால்தான்: அழுத்தம் நீங்கியவுடன், 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் ஒரே கணத்தில் கொதிக்கிறது.

தற்கால வண்டிகளில் இன்னொரு விளைவும் சேர்ந்துகொள்கிறது. கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை அளந்து ஊட்டும் மின்னணுக் கருவி, நீரின் உஷ்ணநிலையை ஓர் உணர்கருவியின் மூலம் அறிந்து அதற்கேற்பக் கலவையை மாற்றுகிறது. தெர்மாஸ்டாட் இல்லாத எஞ்சின் 60 டிகிரியிலேயே நின்றுவிட்டால், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதி அது தேவைக்கு மேல் பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருக்கக்கூடும். மெக்கானிக் காரணம் தேடி ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார், உணர்கருவியை மாற்றுவார். டீசல் எஞ்சினிலோ காலை நேரத்து வெண்புகையும் கடகடவென்ற ஓசையும் நீடிக்கும்.

புதிய வால்வு வாங்கும்போது அதன் விளிம்பில் பொறித்துள்ள எண்ணைப் படிக்கவேண்டும். 71, 82, 88 என்றவாறு அது சென்டிகிரேடில் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பொருத்துமுன் சோதிப்பதும் கடினமன்று. பாத்திரத்தில் நீர் ஊற்றி, வால்வை அடியைத் தொடாதவாறு நூலில் கட்டித் தொங்கவிட்டு, அருகே ஓர் உஷ்ணமானியையும் தொங்கவிட்டு மெதுவாகச் சூடாக்கினால், பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக வால்வு அசைவது தெரியும். நூலை வால்வின் இடுக்கில் கவ்வக் கொடுத்துத் தொங்கவிட்டால் திறக்கும் கணத்தில் வால்வு தானே கழன்று விழும். பின்வரிசை மாணவர்களும் அதைக் காணலாம். பொருத்தும்போது, காற்று வெளியேறுவதற்காக வால்வின் தட்டில் விடப்பட்டுள்ள சிறு துளை மேற்பக்கமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். கீழ்ப்பக்கமாக வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று மெழுகுக் குப்பியைச் சூழ்ந்துகொண்டு, நீர் கொதித்த பின்பும் வால்வைத் திறக்கவிடாது.