கணக்கில் வராத பட்டு நூல்

கேள்வி: நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கு உதைத்தால் ஊழல்தானா? பட்டுக்கூடு விற்பவருக்கு அதனால் என்ன?
– ஆரணி வட்டார விவசாயி

பதில்: ரிசர்வ் வங்கிக் கணக்கில் 'பிழைகளும் விடுபாடுகளும்' என்று ஒரு வரி உண்டு. வரவும் செலவும் ஒட்டாத தொகை அதில் சேரும். தகவல் பிந்தி வந்தாலும் அப்படி ஆகும். அதை வைத்தே ஊழல் என்று சொல்லிவிட முடியாது.

கவலைப்பட வேண்டியது வேறு. இறக்குமதி நூலுக்கு விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை ஹவாலாவில் அனுப்பினால் அந்த வரியில்கூடச் சிக்காது. அனுப்பிய நாட்டின் ஏற்றுமதிக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். சுங்க வரி ஏய்த்த நூல் மலிவாக வந்தால், இங்கே கூட்டின் விலை சரியும். மலிவு நூலைத் தடுக்கத்தான் 2003-ல் சீனக் கச்சாப் பட்டுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடப்பட்டது.

நெசவாளர்கள் நூலுக்குப் பில் கேட்டு வாங்கட்டும். விவசாயிகள் கூட்டை அரசு பட்டுக்கூடு அங்காடியில் எடைபோட்டு, ரசீதுடன் விற்கட்டும்.