மேல்முறையீடு யாருக்கு?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். தனியார் பள்ளி விளம்பரம் சுவருக்குச் சுவர். அடியில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு வழக்கும் வக்கீலும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்குள்ளேயே தீயில் செத்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. சரிதான். ஆனால் அங்கீகாரம் மறுக்கப்பட்டால் பள்ளி முதலாளி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார். ‘பிள்ளைகள் படிப்பு என்னாவது?’ என்கிறார். 2015-16இல் குறைந்தபட்ச நிலம்கூட இல்லாத 746 பள்ளிகள் தற்காலிக அங்கீகாரத்திலேயே ஓடின.

மேல்முறையீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிகாரி சொன்னதே முடிவு என்றால் நாளைக்கு நாம் தொடங்கும் பள்ளிக்கும் அதே கதிதான். என் கேள்வி வேற.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 18ஆவது பிரிவைப் படியுங்கள். அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அரசே நடத்தும் பள்ளிக்கு அந்தச் சான்றே வேண்டாம். நம் பிள்ளைகள் படிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடக்கம். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அது அரசுப் பள்ளிக்கும் உண்டு. குறைந்தால்? கொடுக்காத சான்றை யார் பறிப்பது?

என்னிடம் மாலையில் பாடம் படிக்க வரும் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணியே குடிப்பதில்லை. ஏன்னு கேட்டேன். “கக்கூஸ் பூட்டிக் கெடக்குண்ணா.” இவளுக்காக எந்த வக்கீல் வந்தார்? பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இடைக்காலத் தடை வாங்கித் தர யார் இருக்கிறார்கள்?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பலகையை மாற்றினால் பூட்டு திறந்துவிடுமா?

மேல்முறையீடு நமக்கும் இருக்கிறது. அதே சட்டத்தின் 32ஆவது பிரிவு. உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். சொன்ன முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம். கோர்ட்டு ஃபீஸ், சீனியர் வக்கீல் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது மனு எழுதத் தெரிந்த ஒரு கை.

புதுப்பாக்கம் சட்டக் கல்லூரித் தோழர்களே, அந்தக் கை உங்களுடையதுதான். அட்டவணையை எடுத்துக்கொண்டு சேரிப் பள்ளிக்குப் போங்கள். இல்லாததை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். தனியாரிடம் அரசு கேட்கிற அதே கேள்வியை அரசிடம் நாம் கேட்போம்: உன் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா, கூடாதா?