நான், நாங்கள், நாம்

விளையாட்டு வீரர் ஒருவர் பொது இடத்தில் வாய் திறந்து ஒரு கருத்தைச் சொன்னால், அந்தச் சொல் யாருக்கு உரியது? அவருக்கு உரியதா? அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அணிக்கு உரியதா? அந்த அணி தாங்கியிருக்கும் பெயருக்குரிய ஊருக்கா? ஐ.பி.எல். பந்தயங்கள் நடைபெறும் மாதங்களில் நம் விடுதிகளில் இரவு நெடுநேரம் வரை நடக்கும் வழக்கு இது. "ஊரின் பெயரை மார்பில் தாங்கியவர் ஊருக்காகவே பேசுகிறார், ஆகவே அடங்கிப் பேச வேண்டும்" என்பர் ஒரு சாரார். "ஆட்டத்துக்குத்தானே கூலி? பேச்சுக்கு ஏது கட்டு?" என்பர் மறு சாரார். இரு சாராரும் பாதி உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டையிடுகின்றனர் என்பது என் எண்ணம்.

இவ்வழக்கைத் தீர்க்கும் அளவுகோல் நம் மொழியிலேயே இருக்கிறது. தன்னைக் குறிக்க ஒருமையில் 'நான்' உண்டு. பன்மையில் நமக்கு இரண்டு சொற்கள்: கேட்பவரை நீக்கிச் சொன்னால் 'நாங்கள்', கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். இந்தியிலும் ஒரே சொல்தான். பல இடங்களில் 'நான்' என்பதற்கும் அதுவே ஆகிவிடும். தமிழனோ வாய் திறக்கும்போதே, யாரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். வீரர்களின் பேச்சையும் இந்த மூன்று சொற்களால் அளந்து பார்க்கலாம்.

அதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் நல்ல களம். விளையாட்டில் பெரும் பற்றுடைய அந்த ஒரே ஊரில், வெவ்வேறு வகையில் பேசிய மூன்று வீரர்களைக் காண்கிறோம்.

முதலாமவர் டிம் தாமஸ். பாஸ்டன் ப்ரூயின்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் கோல் காவலர். 2011-ஆம் ஆண்டில் அந்த அணி 39 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்தப் போட்டிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் தாமசுக்கே கிடைத்தது. கோப்பை வென்ற அணியை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பாராட்டுவது அந்நாட்டு வழக்கம். 2012 சனவரி 23 அன்று அணியினர் சென்றனர். குடியரசுத் தலைவர் ஒபாமா வரவேற்றார். தாமஸ் மட்டும் போகவில்லை. மைய அரசு அளவு மீறி வளர்ந்து மக்களின் உரிமைகளுக்கு ஊறு செய்கிறது, இதற்கு இரு கட்சிகளுமே பொறுப்பு, ஆகவே சுதந்திரக் குடிமகன் என்ற முறையில் வரவில்லை என்று தம் முகநூல் பக்கத்தில் எழுதினார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். இங்கே ஆட்டக்காரராலேயே ஊர் இரண்டுபட்டது! அணியின் தலைவர் கேம் நீலி ஓர் அறிக்கை வெளியிட்டார். தாமசின் கருத்து அணியின் கருத்தும் அன்று, உரிமையாளர் குடும்பத்தின் கருத்தும் அன்று. அவர் வராதது ஏமாற்றமே என்றார். அவ்வளவுதான். அந்தப் பருவம் முடியும் வரை தாமஸ் தொடர்ந்து கோல் காத்தார். தாமசின் அரசியல் எனக்கு உடன்பாடு அன்று. ஆயினும் இந்த நிகழ்ச்சியில் இரு தரப்பாரும் முறைப்படியே நடந்துகொண்டனர் என்பேன். அவர் 'நான்' என்றார்; அணி 'நாங்கள் அல்லோம்' என்றது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் இடம் இருந்தது.

இரண்டாமவர் டேவிட் ஓர்ட்டீஸ். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, 2003 முதல் 2016 வரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் பேஸ்பால் ஆடியவர். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஐந்து நாள் கழித்து ஊரில் மீண்டும் ஆட்டம் நடந்தது. அன்று வீரர்களின் சட்டையில் அணியின் பெயர் இல்லை. 'பாஸ்டன்' என்ற ஊர்ப்பெயரே இருந்தது. ஓர்ட்டீஸ் ஒலிபெருக்கியை வாங்கி, அச்சில் ஏற்றத் தகாத ஒரு வசைச்சொல்லையும் கலந்து, இது நம் ஊர், நம் சுதந்திரத்தை எவரும் பறிக்க முடியாது என்னும் பொருள்பட முழங்கினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. வானொலி, தொலைக்காட்சிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவரே, அவர் நெஞ்சாரப் பேசினார் என்று ஆதரித்தார்.

அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். அங்கே தேர்தலில் நின்று வென்றவரும் அல்லர். எனினும் அன்று அவர் பேசியது பாஸ்டனின் பேச்சு. ஏன்? அவர் 'நம்' என்றார். கேட்டவர்கள் 'ஆம்' என்றனர். பிரதிநிதித்துவம் என்பது இந்த இரண்டும் கூடினால்தான் பிறக்கும். பேசுபவர் ஊரின் பெயரால் பேச வேண்டும். ஊரும் அதை ஏற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், பேச்சு பேசியவருடையதே.

மூன்றாமவர் பில் ரசல். இவரைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியில் சேர்ந்த இந்தக் கறுப்பின வீரர், 13 பருவங்களில் 11 முறை அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். 1966-இல் ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியாளரும் ஆனார். அந்தத் தொழில்முறைப் போட்டித் தொடரில் அப்பதவியை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1961-இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கறுப்பின வீரர்களுக்கு உணவு மறுக்கப்பட்டபோது, அவரும் தோழர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினர். 1967-இல் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலிக்குத் துணை நின்றார்.

அத்தகையவருக்கு அந்த வட்டாரம் அளித்த பரிசு என்ன? பாஸ்டனை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் அவர் வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இழிசொல் எழுதி, படுக்கையை மலத்தால் பாழாக்கினர் சில கயவர். 'நான் செல்டிக்ஸ் அணிக்கு ஆடினேன். பாஸ்டனுக்கு ஆடவில்லை' என்ற நிலையையே ரசல் எடுத்தார். 1972-இல் அவருடைய 6-ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்துச் சிறப்புச் செய்தபோது, பார்வையாளர்கள் உள்ளே வருமுன்பே சடங்கை முடித்துவிடச் சொன்னார். பொதுமக்கள் முன்னிலையில் அந்த விழா மீண்டும் நடைபெற 1999 வரை ஆயிற்று. 2013-இல் நகர மன்றத் திடலில் அவருக்குச் சிலை எழுந்தது. 2022-இல் அவர் மறைந்தபோது பாஸ்டன் தன் மகனை இழந்ததாகத் துயருற்றது.

வீரர் ஊருக்காகப் பேச வேண்டும் என்று கோருவோர் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். குடியிருக்க அமைதியான ஒரு வீட்டைத் தராத ஊர், அவர் வாயிலிருந்து 'நாம்' என்ற சொல்லை எந்த உரிமையால் கேட்கும்? 'நாம்' என்பது கடனாகக் கேட்டு வாங்கும் பொருள் அன்று. ஊர் முதலில் அவரைச் சேர்த்துக்கொண்டால்தான் அவர் ஊரைச் சேர்த்துப் பேசுவார்.

"சட்டையால் கிடைத்த மேடை அல்லவா? சட்டை இல்லாவிட்டால் இவர் பேச்சை யார் கேட்பார்?" என்று வினவலாம். உண்மைதான். சட்டை நமக்குக் காது கொடுக்க வைக்கிறது. ஆனால் அது நம் வாயை அவரிடம் ஒப்படைத்த சீட்டு அன்று. புகழ்பெற்ற மருத்துவரின் பேச்சையும் புகழுக்காகவே கேட்கிறோம். அவர் சொன்னதெல்லாம் மருத்துவமனையின் தீர்மானம் என்று கொள்வதில்லையே!

"அப்படியானால் எதையும் பேசலாமா?" என்பது அடுத்த வினா. கூடாது. 2019 சனவரியில் ஹர்திக் பாண்டியா, கே. எல். ராகுல் இருவரும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களை இழிவாகக் கருதும் வகையில் பேசியது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கிரிக்கெட் வாரியம் அவர்களை இடைநீக்கம் செய்தது. பின்னர் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. இது வேலைக்கு வைத்தவர் தம் விதிப்படி எடுத்த நடவடிக்கை. அந்தப் பேச்சு தவறானது பேச்சின் தன்மையால். இந்தியா அவர்கள் வாயால் பேசியதால் அன்று. எவர் பேசினாலும் அது தவறே. நாவைக் காக்கச் சொன்ன வள்ளுவரும், அவரவர் நாவை அவரவர் காக்கச் சொன்னாரே அன்றி, அடுத்தவர் நாவுக்கு ஊரைப் பிணையாக நிறுத்தவில்லை.

மேலும், இன்றைய அணி ஏலத்தில் சேர்ந்த அணி. ராஞ்சியில் பிறந்த தோனி 2015 வரை சென்னைக்கு ஆடினார். சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் புனேவுக்கு ஆடினார். 2018-இல் சென்னைக்கே திரும்பினார். சட்டை மாறும்போதெல்லாம் உள்ளக் கருத்தும் ஊர் மாறுமா என்ன?

நம் அஸ்வினையும் இதே கோலால் அளப்போம். 2025 சனவரியில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில், இந்தி நம் தேசிய மொழி அன்று, ஆட்சிமொழியே என்று அவர் சொன்னார். அப்போது அவர் பன்னாட்டுப் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சென்னை அணி அவரை ஏலத்தில் எடுத்திருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவைப் புரட்டினால் முடிந்துபோகும் செய்தி அது. ஆயினும் கிரிக்கெட்காரருக்கு இந்த வேலை ஏன் என்று சினந்தவர் உண்டு. தமிழகமே அவர் வாயால் பேசிவிட்டது என்று மகிழ்ந்தவரும் உண்டு. அந்த மகிழ்ச்சியிலும் ஆபத்து இருக்கிறது. நாளை அவரே நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் என்ன செய்வோம்? இனித்தால் 'நம்மவர்', கசந்தால் 'எவரோ' என்பது நேர்மை ஆகாது. அவர் சொன்னது உண்மை, சொன்னவர் அவர். அது போதும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கும் நமக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று. வகுப்பில் ஒருவன் ஒரு கருத்தைச் சொன்னால், "தமிழர்கள் இப்படித்தான் எண்ணுகிறார்களா?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏதேனும் நடந்தால், "நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று நம்மிடம் விளக்கம் கோருகிறார்கள். ஏழு கோடிப் பேருக்கு மேற்பட்ட மக்களின் வழக்கறிஞராக, ஊதியம் இன்றி, நம்மை நியமித்துவிடுகிறார்கள்! அதைவிடக் கொடுமை, நம்முள்ளேயே சிலர், "நீ அப்படிப் பேசினால் நம் பெயர் என்ன ஆவது?" என்று தோழனின் வாயை அடைப்பது. பில் ரசலுக்குப் பாஸ்டன் செய்ததை நாம் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டாம்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் தம் கருத்தைச் சொல்லும்போது 'நான்' என்று சொல்லட்டும். அதற்குச் சங்கம் பொறுப்பேற்கவும் வேண்டாம், தடை போடவும் வேண்டாம். பொதுக்குழு கூடித் தீர்மானித்ததைச் செயலாளர் வெளியில் சொல்லும்போது 'நாங்கள்' என்று சொல்லட்டும்; தீர்மானம் இல்லாமல் அச்சொல்லை எவரும் எடுக்க வேண்டாம். 'நாம்' என்ற சொல்லை மட்டும் சிக்கனமாகச் செலவிடுவோம். துயரிலும் மகிழ்விலும் எல்லாரும் உண்மையாகவே ஒன்றாக நிற்கும் நாள்களுக்கென்று அதைச் சேர்த்து வைப்போம்.