நீண்ட விஞ்ஞானச் சொற்களை எங்கே பிரிப்பது?

நீண்ட கலைச்சொல்லைக் கண்டதும் அதனை ஒரே மூச்சில் மனனம் செய்வது நம் மாணவரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே எமது கருத்து. சொல் நீளமாயிருப்பதால் கடினமாவதில்லை. அதன் மூட்டுத் தெரியாதபோதே கடினமாகிறது.

‘ஐதரசன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். யாப்பிலக்கணம் கற்ற மாணவர் இதனை ஐ/தர/சன் என அலகிட்டு, நேர் நிரை நேர், கூவிளங்காய் என்பர். ஒலிக்கு அது சரி. பொருளுக்கோ ஐதர + சன் என்றே பிரித்தல் வேண்டும். கிரேக்கத்தில் முன்னது நீர், பின்னது பிறப்பிப்பது. அதே ‘சன்’ ஒட்சிசனிலும் நைதரசனிலும் உண்டு.

‘காபோவைதரேற்று’ என்னும் சொல்லில் மூட்டை மறைப்பது நமது இலக்கணமே. காபோ + ஐதரேற்று புணர்கையில் வகர உடம்படுமெய் தோன்றுகிறது. கா-போ-வை என்று ஓதும் பிள்ளைக்கு உள்ளே ‘ஐதர’ இருப்பது எவ்வாறு தெரியும்?

மாத்தளை மாணவருக்கு அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. கொக்கோ மரத்துக்கு லின்னேயசு 1753 இல் இட்ட சாதிப்பெயர் தியோபுரோமா. தியோ கடவுள், புரோமா உணவு. (சொக்கிலேற்றுப் பிரியர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.) அதன் வித்திலுள்ள கசப்புப் பொருள் தியோபுரோமீன். செவியை மட்டும் நம்பி தியோ + புரோமீன் எனப் பிரிப்பவர், புரோமீன் என்னும் மூலகம் அதில் அடங்கியுள்ளதாக எழுதிவிடுவார். அதன் மூலக்கூறில் உள்ளவை காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் மாத்திரமே. தியோபுரோம் + ஈன் என்பதே சரியான பிரிப்பு.

உச்சரிப்புக்குப் பரீட்சையில் புள்ளி இல்லையே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் நா தவறும் இடத்தில் கையும் தவறுகிறது. சல்பைட்டு அயனில் ஒட்சிசன் இல்லை. சல்பைற்று அயனில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. ‘ட்டு’, ‘ற்று’ இரண்டையும் ஒன்றாக ஒலித்துப் பழகிய மாணவரின் சமன்பாடு முதல் வரியிலேயே பிழைத்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் மருத்துவமோ விஞ்ஞானமோ பயிலச் செல்வோர் இதே சொற்களை ஆங்கில ஒலியில் சந்திக்கின்றனர். விடை தெரிந்தும், சொல்லை உச்சரிக்க அஞ்சி வாய்மூடியிருப்பது அவர்களுக்குப் பெரும் இழப்பு. ஆகவே ஆசிரியர்கள் புதிய கலைச்சொல் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் இரு முறை பிரித்து எழுதுவார்களாக: ஒரு முறை ஒலிக்காக, மறுமுறை பொருளுக்காக. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.