தலையை அளக்க ஒரு டேப் போதும்

மங்களூர் என்றதும் கடலும் துறைமுகமும் நினைவுக்கு வந்தால், அது வேறு மங்களூர். இது கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விருத்தாசலம் பக்கம் இருக்கும் மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி. இந்த ஒன்றியத்தின் கிராமங்களில் குழந்தை பிறந்தால் பாட்டி செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, உச்சிக்குழியில் எண்ணெய் வைப்பது. தினமும் அந்தப் பிஞ்சுத் தலையைத் தொடுகிற கை அது. ஆனால் தினமும் தொடுகிற கைக்கு, மெல்ல மெல்ல வளரும் மாற்றம் தெரியாது. அதனால்தான் ஒரு நோய் கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாமல் போகிறது.

அந்த நோயின் பெயர் ஹைட்ரோகெஃபாலஸ். ஊர்ப் பேச்சில் 'தலையில தண்ணி கோத்துக்கிறது'.

மதகு அடைத்த ஏரி

மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. அங்கே தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டர் ஊறும். ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிதான். அப்படியென்றால் மீதி எங்கே போகிறது? அறை அறையாக இறங்கி, மூளையின் வெளிப்புறத்துக்கு வந்து, ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வருவதும் போவதும் சமம். கணக்கு சரியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய வழி உண்டு. நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அந்த வழி சிலருக்குப் பிறவியிலேயே குறுகியிருக்கும். சிலருக்குக் கட்டி வந்து அடைக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளைக்குள் கசிந்த ரத்தம் அடைக்கலாம். மூளைக்காய்ச்சல் வந்து போன பிறகும் பாதைகள் ஒட்டிப் போகலாம்.

திட்டக்குடி பக்கத்து வெலிங்டன் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து நிற்கவில்லை, மதகு மட்டும் அடைத்துக்கொண்டது என்றால் என்ன ஆகும்? கரை மேல் அழுத்தம் ஏறும். மூளையிலும் அதேதான். ஊற்று நிற்காது. அடைப்புக்கு மேலே இருக்கும் அறைகள் வீங்கி, சுற்றியுள்ள மூளையை மண்டையோட்டோடு வைத்து நசுக்கும்.

இங்கே குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். சுடாத மண் அழுத்தினால் விரியும், சூளையில் சுட்டது விரியாது. பெரியவர்களின் மண்டையோடு சுட்ட பாண்டம். அடைப்பு வந்தால் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று விரைவில் காட்டிக் கொடுத்துவிடும். பச்சைக் குழந்தையின் மண்டையோடு இன்னும் ஒட்டாத எலும்புத் துண்டுகள். அழுத்தம் ஏற ஏற அது விரிந்து கொடுக்கிறது. தலை பெரிதாகிறது. குழந்தை பால் குடிக்கிறது, சிரிக்கிறது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றுகிறது. உள்ளே மூளை நசுங்கிக்கொண்டிருக்கும்!

உச்சிக்குழி புடைத்து நிற்பது, நெற்றியில் நரம்பு தெரிவது, விழிகள் கீழ்ப்பக்கமே இறங்கிக் கிடப்பது எல்லாம் பிறகு வரும் அடையாளங்கள். 'தலை பெருசா இருந்தா அறிவாளியா வருவான்' என்று வீட்டார் சொல்வதைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை.

பிரச்சினை மருந்தில் இல்லை, நேரத்தில்

இதற்கு வைத்தியம் இல்லையா? இருக்கிறது. அதுவும் பல ஆண்டுகளாக இருக்கிறது.

1950களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழில்நுட்பர், தன் மகனுக்கு வந்த இந்த நோயைப் பார்த்துத் தாங்க முடியாமல், சிலிகானில் ஒரு சின்ன வால்வு செய்தார். அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் துணை நின்றார். இன்று உலகம் முழுவதும் வைக்கப்படும் ஷன்ட் எனும் குழாய்களுக்கு அதுவே முன்னோடி. மூளையில் தேங்கும் நீரை, தோலுக்கு அடியிலேயே குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடுவதுதான் ஷன்ட். இன்னொரு வழியும் உண்டு. எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, மூன்றாவது அறையின் தரையில் ஒரு துளை போட்டு, நீருக்குப் புதுப் பாதை திறப்பது. பாதை அடைப்பால் வரும் நோய்க்கு இது நன்றாகவே பொருந்தும்.

விலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. லக்னோவைச் சேர்ந்த டாக்டர் சாப்ரா வடிவமைத்த ஷன்ட், உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகிறது. உகாண்டாவில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் இந்த ஷன்ட்டையும் ஒரு விலையுயர்ந்த அமெரிக்க ஷன்ட்டையும் ஒப்பிட்டு, 2005இல் முடிவை வெளியிட்டார். ஒன்று அப்போது சுமார் 35 டாலர், மற்றது சுமார் 650 டாலர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டின் பலனிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்படியானால் குழந்தைகள் ஏன் பாதிக்கப்படுகிறார்கள்? தாமதமாக வருவதால்.

தாமதத்தின் விலை என்ன என்பதை நம் வேலூரே சொல்லியிருக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சலால் தலையில் நீர் கோத்த 114 பேருக்கு அங்கே சிஎம்சி மருத்துவமனையில் ஷன்ட் வைத்து, நீண்டகாலம் கவனித்து, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்கு முன் இருந்த நினைவு நிலையை வைத்து நோயாளிகளை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். தெளிவான நினைவோடு வந்த முதல் படியில் இறந்தவர்கள் 20 சதவீதம். இரண்டாம் படியில் சுமார் 35. மூன்றாம் படியில் சுமார் 52. முழு மயக்கத்தில் வந்த நான்காம் படியில் 100. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே மருத்துவமனை, அதே ஷன்ட். மாறியது வந்து சேர்ந்த நிலை மட்டுமே.

ஒரு டேப், அரை நிமிடம்

மங்களூரிலிருந்து மூளை அறுவை செய்யும் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர், திருச்சி, சென்னை என்று வெளியூர்தான். கூலி வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். 'முற்றட்டும், பார்க்கலாம்' என்று குடும்பம் தள்ளிப் போடுவது இயல்பு. ஆகவே 'கட்டாயம் போக வேண்டும்' என்று யாராவது ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஆதாரம் தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பில் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34, 35 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு சுமார் 2 செ.மீ. வளரும். அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 1 செ.மீ. பிறகு அரை செ.மீ. இந்தக் கணக்கை மீறித் தலை ஓடினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உச்சிக்குழி திறந்திருக்கும்போது அதன் வழியாக ஸ்கேன் செய்தே உள்ளே பார்த்துவிடலாம்.

ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தடுப்பூசிக்குத் தாய்மார்கள் எப்படியும் வருகிறார்கள். அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள். அதோடு தலையையும் அளந்து, தாய் சேய் நல அட்டையில் ஓர் எண்ணாக எழுத வேண்டும்.

'செவிலியர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல்' என்பார்கள். உண்மைதான். ஆனால் இது அரை நிமிட வேலை. 'சில குடும்பங்களில் எல்லோருக்கும் தலை பெரிதுதானே, வீண் பயம் வராதா?' என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்தால் வீண் பயம் வரும். அடுத்தடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும். பரம்பரைப் பெரிய தலை பெரும்பாலும் தன் கோட்டிலேயே வளரும். நோய்த் தலை கோட்டைத் தாண்டி ஓடும்.

இன்னொன்றும் எழுதித் தர வேண்டும். ஷன்ட் வைத்ததோடு கதை முடியாது. அதுவும் அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வைத்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் முதல் ஆண்டிலேயே கோளாறாவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வாந்தி, ஓயாத அழுகை, அசதித் தூக்கம் என்றால் 'வயித்துக் கோளாறு' என்று கைமருந்து கொடுத்துக் காத்திராமல் உடனே ஓட வேண்டும். இதைத் தாய்க்குத் தமிழில், ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுத்தால் போதும்.

பெரிய மருத்துவமனை ஒவ்வோர் ஊருக்கும் வர நாளாகும். பத்து இருபது ரூபாய் டேப் வர ஒரு நாள் போதும். அடுத்த தடுப்பூசி நாளிலேயே தொடங்கலாம். உச்சியில் எண்ணெய் வைக்கும் அந்தப் பாட்டியின் கையில் ஒரு டேப்பைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தால், அவரும் அளப்பார்.